முத்தாலம்மன் கொடிமரத்தில் என் தாவணி

பயந்தவர்களில் இரண்டு வகையினர் உண்டு. பயம் வந்தால் கத்துகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தீங்கு இல்லை. கத்தி முடித்ததும் சாப்பிடப் போய்விடுவார்கள். பயம் வந்தால் வாய் அடைத்துப்போய், கையால் எதையாவது செய்துவிடுகிறவர்கள் இன்னொரு வகை. ஊர்களுக்கு ஆபத்து இவர்களால்தான். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இப்போது நான் முதுகலை வகுப்பில் தமிழ் இலக்கியம் பயில்கிறேன். விடை தெரிந்தாலும் எழுந்து சொல்லாத மாணவி என்று ஆசிரியர்களிடம் பெயர் வாங்கியிருக்கிறேன். நான் ஒரு முறை வாய் திறவாமலேயே ஓர் ஊர் முழுவதையும் எட்டு நாட்கள் கட்டிப்போட்டவள் என்று சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள். (என் தோழியரிடம் சொல்லிப் பார்த்தேன். "நீயா? போடி" என்றார்கள்.)

எங்கள் ஊர் கொன்றைப்பட்டி. சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் பக்கத்தில், பெரிய ஊர்கள் எதுவும் கண்டுகொள்ளாத ஒரு சிற்றூர். ஊருக்கு மேற்கே உயரத்தில் கண்மாய். கண்மாய்க்குக் கீழே வாழையும் நெல்லும். அவற்றுக்கும் கீழே நாங்கள். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியே ஓடையாக இறங்கி, திண்டுக்கல் சாலையைக் குறுக்கே கடக்கும். அந்த இடத்தில் பாலம் என்று ஒன்று உண்டு. அது தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் தரைப்பாலம். மறுகால் பாய்ந்தால் பாலம் தண்ணீருக்குள் போய்விடும். திண்டுக்கல் வேறு உலகமாகிவிடும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் என் பயம் எங்கே தொடங்கியது என்பது விளங்கும்.

அந்தக் கார்த்திகையில் என் அக்கா வள்ளி நிறைமாதக் கர்ப்பிணியாக எங்கள் வீட்டில் இருந்தாள். ஒட்டன்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். அம்மாவுக்குக் கைத்துணையாக இருக்கட்டும் என்று என்னைக் கல்லூரி விடுதியிலிருந்து ஒரு வாரத்திற்கு வரவழைத்திருந்தார்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அக்காவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்ட பிறகு வீட்டில் வைத்துக்கொண்டிருக்கவே கூடாது, ஒரு வாரம் முன்னதாகவே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.

அப்பா புதன்கிழமை விடியற்காலையில் வண்டி கட்டுவதாக முடிவு செய்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் பஞ்சாயத்து ரேடியோ புயல் என்றது.

வங்கக் கடலில் புயல் உருவாகியிருப்பதாகவும், மறுநாள் காலை தெற்கே எங்கோ கரையைக் கடக்கும் என்றும் ரேடியோ அமைதியாகச் சொல்லிவிட்டு நாதஸ்வரம் வாசிக்கப் போய்விட்டது. முந்தின ஆண்டு மார்கழியில் கடலோரத்து ஊர் ஒன்றைக் கடல் எடுத்துக்கொண்ட செய்தியை, விடுதியின் வாசிப்பறையில் பத்திரிகைகளில் தாள் தாளாகப் படித்தவள் நான். அதன் பிறகு புயல் என்ற சொல்லைக் கேட்டாலே என் உள்ளங்கை ஈரமாகிவிடும். புயலைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் படித்து வைத்திருந்தேன். படிப்பு பயத்தைக் குறைக்கும் என்பார்கள். என் விஷயத்தில் அது பயத்திற்கு ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்தது.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன்.

அப்பா வாழைக்கு முட்டுக்கொடுக்கக் கழிகளைச் சீவிக்கொண்டிருந்தார். குலை தள்ளிய வாழை. இன்னும் இரண்டு மாதத்தில் வெட்டு.

"கடல் எங்க கிடக்கு, நம்ம எங்க கிடக்கோம்? நூறு மைலு. கடலு என்ன பஸ் ஏறியா வரப்போகுது?" என்றார்.

"கடல் வராதுப்பா. மழை வரும். மலையில் பெய்தால் கண்மாய்க்கு வரும். கண்மாய் நிறைந்தால் மறுகால்…"

"நிறையட்டும்டி. அம்புட்டுப் பேரும் அதுக்குத்தான வேண்டிக்கிட்டு இருக்கோம்!"

"அப்பா, அக்காவை இன்றைக்கே…"

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "செவ்வாக்கெழமையும் அதுவுமா நெறசூலியை வீட்டைவிட்டு அனுப்புறதா? ஏண்டி, படிச்சா இதெல்லாம் மறந்து போகுமா? நாளைக்கு விடியப் போறா. செத்த பொறு."

அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்தாள். "மங்கை நெசமாவே பயந்துட்டாம்மா. மொகத்தைப் பாரு" என்றாள். அவளும் வயிற்றை இரு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். அதை நான் மட்டுமே பார்த்தேன்.

வாதாடத் தெரிந்த பெண்ணாக இருந்தால் அங்கேயே நின்று வாதாடியிருப்பாள். எனக்கு அது வராது. நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் என் வாக்கியங்கள் வினைமுற்றுக்குப் போய்ச் சேராமலே நின்றுவிடும். எனவே வாய் பேசாமல் ஊருக்குச் சொல்ல ஒரு வழி உண்டா என்று யோசித்தேன். உண்டு. துறைமுகங்களில் என்ன செய்கிறார்கள்? புயல் வருகிறதென்றால் உயரத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். ஊரே நிமிர்ந்து பார்க்கிறது, புரிந்துகொள்கிறது, படகுகளை இழுத்துக் கட்டுகிறது. எவரும் எவரிடமும் பேசவேண்டியதில்லை. எத்தனை நாகரிகமான ஏற்பாடு!

கூண்டுக்கு முதலில் எங்கள் வீட்டுக் கோழிக் கூடையைத்தான் நினைத்தேன். உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆகவே கொடி என்று முடிவு செய்தேன். சிவப்பாக, பெரியதாக, எங்கிருந்து பார்த்தாலும் தெரிவதாக ஒன்றுதான் இருந்தது: சின்னாளபட்டிச் சுங்குடியில் நான் எடுத்திருந்த புதுச் சிவப்புத் தாவணி. ஊரில் உயரமான மரமும் ஒன்றுதான் இருந்தது: முத்தாலம்மன் கோயில் முன்பாக, உச்சியில் இரும்புக் கப்பியும் கயிறுமாக நின்ற கொடிமரம்.

பிற்பகல் மூன்று மணி. ஆண்கள் வயலில், பெண்கள் கண்ணயர்ந்திருந்த வேளை. கோயில் முன்பு ஒரு நாய் மட்டும் இருந்தது. அது என்னைத் தடுக்கவில்லை. தாவணியின் ஒரு முனையைக் கயிற்றில் முடிந்து, இரு கையாலும் இழுத்தேன். கப்பி கிறீச்சிட்டது. கிழக்கேயிருந்து வந்த முதல் காற்று தாவணியைப் பற்றிக்கொண்டு விரித்தது. ஒரு கணம் எனக்கே பெருமையாக இருந்தது. நான் என்ன செய்தேன் என்பது அடுத்த கால் மணி நேரத்தில் தெரிந்தது.

எங்கள் பக்கத்து ஊர்களை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். அம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால், அது இறங்கும் வரை ஊரில் உள்ளவர் எவரும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. சந்தை இல்லை, கோர்ட்டு இல்லை, மாமியார் வீடு இல்லை. எட்டாம் நாள் பொங்கல் வைத்த பிறகுதான் கொடி இறங்கும். பிறந்த நாளிலிருந்து ஆண்டுதோறும் பங்குனியில் பார்த்துவந்த வழக்கம் இது. புயலைப் பற்றி அவ்வளவு படித்த எனக்கு, கயிற்றை இழுத்த அந்த வேளையில் இது நினைவுக்கு வரவே இல்லை. (நினைவுக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரை கோழியைப் பற்றியதாக இருந்திருக்கும்.)

கூட்டம் கூடிவிட்டது. முதலில் எல்லோரும் கொடியைப் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் தாவணியை அவள் முகத்தைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கும் ஊர் அது.

"வாழைத்தோட்டத்துக்காரர் மக தாவணியில்ல?"

"காத்துல பறந்து போயி மாட்டிக்கிருச்சோ?"

"முடிச்சுப் போட்டுக்கிட்டாய்யா பறக்கும்?"

பூசாரி பெரியகருப்பன் வேகமாக வந்தார். மெலிந்த, நிதானமான மனிதர். கொடியை அண்ணாந்து பார்த்தவர் வெகுநேரம் தலையை இறக்கவில்லை. இறக்கியபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏத்தா, நீயா ஏத்துன?"

"இது திருவிழாக் கொடி அல்ல" என்றேன். பயத்தில் எனக்குச் செய்யுள் நடைதான் வரும். "இது புயல் எச்சரிக்கைக் கொடி. கடற்கரையில் இவ்வாறு ஏற்றுவது மரபு."

"என்னய்யா புள்ள ரேடியோ மாதிரிப் பேசுது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பூசாரி சிரிக்கவில்லை. "எந்தக் கொடியா இருந்தா என்னத்தா? ஆத்தா மரத்துல ஏறுனா அது ஆத்தா கொடி. ரயில்ல ஏறிட்டா அம்புட்டுப் பேரும் பிரயாணிதான். கார்டு உன்னைய யாரு, எதுக்கு ஏறுனேன்னா கேப்பான்?"

"இறக்கிவிடலாமே…"

"எட்டாம் நாளு."

அதற்குள் அப்பா வந்திருந்தார். கையில் கழி சீவிய அரிவாள் இன்னும் இருந்தது. என்னைத் திட்டவில்லை. நேராகப் பூசாரியிடம் போய், "சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிருச்சு. விடியக்காலம் மூத்தவ திண்டுக்கல்லு போயாகணும் பூசாரி. புள்ள குறுக்க கெடக்குன்னு டாக்டரம்மா சொல்லிருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது. அக்காவை ஒரு நாள் முன்னதாக அனுப்ப வேண்டும் என்று ஏற்றிய கொடியால், போகவிருந்த வண்டியையும் நானே நிறுத்திவிட்டேன்.

பூசாரி பிடிவாதக்காரராக இருந்தால் அவரை வெறுத்திருக்கலாம். அவரும் பயந்திருந்தார். "எனக்கு மட்டும் ஆசையா அப்பு? எங்கய்யா காலத்துல ஒருத்தன் கொடி கெடக்கையில எல்லை தாண்டுனான். அந்த வருசம் கம்மாய் ஒடஞ்சுச்சு. எங்க சின்னத்தாவைச் சேத்து ஆறு உசுரு. இப்பப் புயலு வருதுன்னு ஒம் மகளே சொல்லுது. இந்த நேரத்துல ஆத்தாகிட்ட வம்பு வச்சுக்கச் சொல்றியா?"

என் புயல் எச்சரிக்கையை ஊரில் நம்பிய முதல் மனிதர் அவர்தான். அதனாலேயே எங்களை விட மறுத்தார்.

எல்லோரும் கலைந்த பின் நான் திரும்பிச் சென்று கயிற்றை இழுத்தேன். தூறல் தொடங்கியிருந்தது. நனைந்த கயிறு உப்பிக் கப்பிக்குள் இறுகிவிட்டது. மேலே போன என் தாவணி இறங்க மறுத்தது. தொங்கிப் பார்த்தேன். நாய் இம்முறை குரைத்தது.

அந்த இரவைப் பற்றி எழுதப்போவதில்லை. அக்கா தூங்குவதுபோல் கிடந்தாள். நாங்கள் அவள் தூங்குவதாக நம்புவதுபோல் கிடந்தோம்.

புதன்கிழமை விடியவில்லை; கறுப்பு சாம்பலாக மாறியது, அவ்வளவுதான். மழை மேலிருந்து பெய்யவில்லை. கிழக்கிலிருந்து படுக்கைவாட்டில் வந்தது. எங்கள் வீட்டுக் கூரையின் ஓடுகள் ஒவ்வொன்றாக எழுந்து, சற்று யோசித்து, பறந்தன. தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அறைந்ததுபோல். பிறகு இன்னொன்று. வாழைகள் விழுந்துகொண்டிருந்தன. அம்மா ஒவ்வொரு சத்தத்திற்கும் "ஆத்தா… ஆத்தா…" என்றாள். கொஞ்ச நேரத்தில் எண்ணுவதை நிறுத்தினேன்; சத்தங்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் போயிற்று.

கண்மாயில் கிழக்குக் கரையில், நண்டு வளை வழியாகத் தண்ணீர் பீறிடுகிறது என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். அப்பா மண்வெட்டியோடு ஓடினார். ஊரிலிருந்த ஆண்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் ஓடினார்கள். அன்று சந்தை நாள். வேறு சமயமாக இருந்தால் பாதிப் பேர் விடியுமுன்னே வெங்காய மூட்டைகளோடு போயிருப்பார்கள். என் புண்ணியத்தில் எல்லோரும் ஊரில் இருந்தார்கள். முந்தின மாலை முழுவதும் அதற்காக என்னை வாழ்த்திக்கொண்டும் இருந்தார்கள். ("மூட்டை மூட்டையா வெங்காயம் அழுகுதுடா. படிக்க வைக்காதீங்கடான்னா கேக்குறீகளா?")

அப்பா போய்க் கால் மணி நேரத்தில் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா. வந்திருச்சு."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வழக்கம், செவ்வாய்க்கிழமை, எல்லை எதுவுமே அந்தப் பார்வையில் இல்லை. "மாயாண்டியைக் கூப்பிடு. ஓடு."

மாயாண்டி அண்ணன் எங்கள் தெருவில் வண்டி வைத்திருந்தவர். வண்டியைப் பூட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "வாரேன் தாயி. எல்லைக்கல்லு வரைக்கும் வாரேன். அதுக்கு அங்கிட்டு என்னைய எதுவும் கேக்காத."

எல்லைக்கல் ஊர் முகப்பில், சாலையோரம், முழங்கால் உயரத்தில் நட்டிருந்தது. அதன் பக்கத்தில் மழைக்குச் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பூசாரி நின்றிருந்தார். எங்களுக்காகக் காத்திருந்தார் என்றே இன்றும் நினைக்கிறேன். மாடுகள் நின்றன. மாயாண்டி அண்ணன் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டார். கூண்டு வண்டிக்குள் அக்கா அம்மாவின் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். காற்றில் வண்டி படகுபோல் ஆடியது.

"பூசாரி, கும்புட்டுக் கேக்குறேன்" என்றாள் அம்மா.

பூசாரியின் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. வாய் அடைத்துப்போவது என்னவென்று எனக்குத் தெரியும். அவருக்கும் அதுதான் நேர்ந்தது. அவர் கண்முன் ஒரு பக்கம் என் அக்கா. இன்னொரு பக்கம் கண்மாய்க் கரையில் கத்திக்கொண்டிருந்த ஊர்.

நான் வண்டியின் பின்புறம் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், மழையில் கைகூப்பிக்கொண்டிருந்தேன். அப்போது கூண்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது அதுவரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

"எல்லையைத் தாண்டக் கூடாது, அம்புட்டுத்தான? அந்தக் கல்லைப் பிடுங்கி வண்டியில போடுங்கய்யா! அதுவும் கூட வரட்டும்!"

மாயாண்டி அண்ணன் பூசாரியைப் பார்த்தார். பூசாரி கல்லைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, கொடிமரம் இருந்த திசையில் திரும்பி, நெடுநேரம் நின்றார். (அரை நிமிடம் இருக்கலாம். அக்கா அதற்குள் இரண்டு முறை வீறிட்டாள்.)

"எல்லையைத் தாண்டாதேன்னு ஆத்தா சொல்லிருக்கா" என்றார் கண்ணைத் திறந்து. "எல்லையைத் தூக்காதேன்னு சொல்லல. பிடிறா மாயாண்டி!"

ஊறிய மண் எளிதாக விட்டுக்கொடுத்தது. இருவரும் கல்லைத் தூக்கி வண்டியின் பின்புறம் கொண்டுவந்தார்கள். அங்கே பூசாரிக்கு அடுத்த சந்தேகம் வந்தது. "பின்னால வச்சா எப்பிடி? வண்டி முன்னால போயிருமே. கல்லு முன்னால இருக்கணும்டா."

"மாடு அதுக்கும் முன்னாலல்ல போகுது?"

"மாட்டுக்கு ஏதுறா ஊரு? மனுசருக்குத்தான் எல்லை. நீ கல்லுக்குப் பின்னால உக்காரு."

ஆகவே வண்டியோட்டி அமரும் இடத்தில் எல்லைக்கல் அமர்ந்தது. மாயாண்டி அண்ணன் அதற்குப் பின்னால் மண்டியிட்டு, அதைக் கட்டிப்பிடித்தாற்போல் இரண்டு பக்கமும் கையை நீட்டி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அக்கா மல்லாந்து கிடந்து, வலி வரும்போதெல்லாம் அவருக்குப் பக்கவாட்டில் பாதங்களை நீட்டி அந்தக் கல்லின்மேல் ஊன்றி உந்தினாள். ஊற்றுகிற மழையில், ஓர் ஊரின் எல்லை ஒரு பெண்ணின் இரண்டு பாதங்களோடு மெல்ல நகர்ந்து சென்றது. பூசாரி வெறும் குழியருகே நின்று, எங்களை மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தரைப்பாலத்தில் நான் பயந்தது இருந்தது.

மறுகால் பாய்ந்துவிட்டது. ஓடை இருந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஓர் அகலம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வாழை மரங்கள் குலையோடு மிதந்து போயின. எங்களுடையவையாகவும் இருக்கலாம். பாலத்தின் இரு ஓரத்திலும் வெள்ளையடித்த அடையாளக் கற்கள் உண்டு. அவற்றின் தலைகள் மட்டும் சில இடங்களில் தெரிந்தன. சில இடங்களில் தெரியவில்லை.

மாயாண்டி அண்ணன் மாடுகளை நிறுத்தினார். "தாயி, ஓரம் தெரியல. ஒரு சாண் தப்பினா வண்டி போச்சு."

அவர் இறங்கினால் மாடுகள் மிரளும். அம்மா கையை எடுத்தால் அக்கா புரண்டுவிடுவாள். மீதி இருந்தது நான்.

துணிச்சலால் இறங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், கூண்டுக்குள் அக்கா திடீரென்று கத்துவதை நிறுத்தியிருந்தாள். அந்த நிசப்தத்தில் உட்கார்ந்திருப்பதைவிட ஓடையில் இறங்குவது எனக்கு எளிதாக இருந்தது. வண்டிக்கு அடியில் செருகியிருந்த முட்டுக்கழியை உருவிக்கொண்டு மாடுகளுக்கு முன்னால் போனேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது, இடுப்பில் வந்து இழுத்தது. கழியால் இடதுபுறம் தட்டுவேன். கல் தட்டுப்பட்டால் ஓரடி. தட்டுப்படாவிட்டால் நிற்பேன். வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அது தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த யாப்பு இலக்கணச் சூத்திரம். உயிர் போகும் நேரத்தில் தெய்வத்தின் பெயர் வாயில் வரவேண்டும் என்பார்கள். எனக்கு எதுகையும் மோனையும் வந்தன.

பாதித் தொலைவில் பின்னாலிருந்து மாயாண்டி அண்ணன் அலறினார்.

"ஏத்தா! கல்லுக்கு முன்னால போறியே! எல்லை தாண்டிட்டியே!"

"தெரியும்! பின்னால் வாருங்கள்!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் நான் சத்தமாகச் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

அக்கரையில் மாடுகளின் குளம்பு சாலையைத் தொட்டபோது நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா கூண்டுக்குள்ளிருந்து, "இருக்காடி. மூச்சு இருக்கு. ஏறு, ஏறு" என்றாள். அதன்பின் திண்டுக்கல் வரை விழுந்த புளியமரங்களைச் சுற்றிச் சுற்றிப் போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்காவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாயாண்டி அண்ணன் வாக்குத் தவறாதவர். பக்கத்திலிருந்த ஒருவரைக் கைகொடுக்கச் சொல்லி, அக்காவுக்கு முன்னதாகவே கல்லைத் தூக்கிக்கொண்டு படியேறி, பிரசவ அறை வாசலில் வைத்துவிட்டார். டாக்டரம்மா கதவைத் திறந்தால் எதிரே கல்.

"இது என்ன?"

"எங்க ஊரு எல்லைங்கம்மா" என்றார் மாயாண்டி அண்ணன், சொட்டச் சொட்ட நனைந்து, மிகுந்த மரியாதையோடு. "இதுக்கு அங்கிட்டு இவுக போகப்படாது. செத்த உள்ள தள்ளி வச்சுக்கிட்டீகன்னா நல்லது."

டாக்டரம்மா கல்லைப் பார்த்தார்; அக்காவைப் பார்த்தார். "சரி, உள்ளே கொண்டுவாங்க. அந்த மூலையில் வைங்க. வைச்சிட்டு எல்லாரும் வெளியே போங்க."

இரண்டு மணி நேரம். வெளியே நின்று நான் எதையெல்லாம் நினைத்தேன் என்பதை எழுதினால் நகைச்சுவைக்கு இடமிருக்காது. நான் ஏற்றிய கொடியால் அரை நாள் போயிற்று. அந்த அரை நாளில் ஓர் உயிரோ இரண்டு உயிரோ போனால், அதை எந்தக் கரையில் கொண்டுபோய் வைப்பேன்? அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு கதவின் அப்புறத்திலிருந்து, மிகவும் கோபமாக, ஒரு குழந்தை அழுதது. அம்மா அப்போதுதான் என் ஈரத் தலையைத் தன் தோளில் இழுத்துச் சாய்த்துக்கொண்டாள்.

பெண் குழந்தை. அக்காவும் பிழைத்தாள்.

எட்டாம் நாள் கல்லோடு ஊர் திரும்பினோம். வாழைத் தோட்டத்தில் நிமிர்ந்து நின்ற மரம் ஒன்றுகூட இல்லை. பல வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆனால் கண்மாய்க் கரை நின்றிருந்தது. மாயாண்டி அண்ணனையும் பூசாரியையும் தவிர ஊரின் ஆண்கள் எல்லோரும் கரையில் இருந்ததால், வைக்கோலும் மண்மூட்டையுமாக நண்டு வளையை அடைத்துவிட்டார்கள். சந்தைக்குப் பாதிப் பேர் போயிருந்தால் நடந்திருக்காது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பெருமை முத்தாலம்மனுக்குப் போயிற்று. எனக்குத் தண்டனை வந்தது. நியாயமான பங்கீடு என்றே நினைக்கிறேன்.

பூசாரி கல்லைப் பழைய குழியில் நட்டுவிட்டு ஊரைக் கூட்டினார்.

"ஊருல கல்லுக்கு முன்னால காலு வச்சது இது ஒண்ணுதான். மாயாண்டி சாட்சி. குத்தம் குத்தந்தான். அதோட, ஒரு வருசம் ஏத்துன கொடியை மறு வருசம் ஏத்தாம விட்டா அது பெருங்குத்தம். அதனால வருசா வருசம் கார்த்திகையில இந்தக் கொடி ஏறும். தாவணி இதுதான் கொடுக்கணும். கயித்தையும் இதுதான் இழுக்கணும்."

"எத்தனை வருடத்திற்கு?" என்றேன்.

"ஆத்தா போதும்னு சொல்ற வரைக்கும்."

ஆத்தா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே ஆண்டுதோறும் கார்த்திகையில் நான் விடுதிக் காப்பாளரிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுக்கிறேன். காரணம் என்ற இடத்தில் முதல் ஆண்டு உண்மையை எழுதினேன். காப்பாளர் என்னை அழைத்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று அன்போடு விசாரித்தார். அதன் பிறகு "குடும்ப விசேஷம்" என்று எழுதுகிறேன். நான்கு தாவணி போய்விட்டது. நாலு பேர் முன்னால் நிற்கக் கூசிய நான், ஊரே பார்க்கக் கயிறு இழுக்கிறேன்.

பூசாரி ஓர் ஒழுங்கும் கொண்டுவந்திருக்கிறார். கொடி ஏறுவதற்கு முந்தின வாரம் தமுக்கு அடித்துச் சொல்கிறார்கள்: நிறைமாதக்காரிகளும் நோயாளிகளும் திண்டுக்கல் போய்ச் சேரவேண்டும், ஆண்கள் கரையை ஒரு நடை பார்த்து வளைகளை அடைக்கவேண்டும், அதன் பின்புதான் கொடி. புயலுக்கு அஞ்சி இதைச் செய்கிறோம் என்று கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். "கடலு எங்க, நம்ம எங்க?" என்று சிரிப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் யாருக்கு நாள் தள்ளிப்போனாலும் முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பதல்ல, "கொடிக்கு முன்னயா, பின்னயா?" என்பதுதான். இந்த ஆண்டு அக்காவுக்கு மறுபடியும் நிறைமாதம். ஒட்டன்சத்திரத்திலிருந்து அத்தான் வந்து, காலைக் கழுவுமுன்னே, "ஏனுங்க அத்தை, நம்ம மங்கை என்னிக்குங்க கொடி ஏத்துது?" என்று கேட்டு, தேதியைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.

போன வாரம் அக்காவிடமிருந்து விடுதிக்குக் கடிதம் வந்தது. எழுத்து அத்தானுடையது, சொல் அவளுடையது.

"நான் உன் கொடிக்கு மொத நாளே திண்டுக்கல் போய்ச் சேந்துருவேன். வண்டியில கல்லு கில்லு ஒண்ணும் வேணாம்னு மாயாண்டி அண்ணன்கிட்டச் சொல்லிரு. நீ பேசாம இருந்தாப் போதும். ரேடியோவுல எதையாச்சும் கேட்டுட்டு, பயந்துக்கிட்டு, ஒரு நாள் முந்தி ஏத்திறாதடி."